கௌரவப் பட்டமும் பயமும்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து கஜனி தொலைபேசி எடுத்தாள். பேர்ணிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. நான் ஓய்வு பெற்றபோது என் கதிரைக்கு வந்தவள். பல்கலைக்கழகத்தில் இரண்டு புதுத் திட்டங்கள் தொடங்கப் போகிறார்களாம். ஒன்றுக்கு ஒனர்ஸ் என்று பெயர், மற்றதுக்கு ஸ்கொலர்ஸ் என்று பெயர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வெளிநாட்டு மாணவர்களுக்கு விளங்கும்படி ஒரு பக்கம் எழுதும் வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது.

"அன்ரி, எனக்கெண்டால் ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் கிடக்கு. கெட்டிக்காரப் பிள்ளையளைத் தூக்கி வைச்சுக் கொண்டாட ரெண்டு பேர். அப்பிடித்தானே?"

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "அப்பிடி எழுதினியோ, அங்கை வந்து கிழிச்செறிவன்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கிழவி வேலையை விட்டும் வீறாப்பை விடவில்லை என்று நினைத்திருப்பாள். சிரிக்கட்டும். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு மனிதனின் உயிர் கிடந்து இழுபட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். தொலைபேசியில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் விசுவநாதன் பேர்ணுக்குப் பக்கத்து ஊரான துன்னில் ஓர் இயந்திரப் பட்டறையில் வேலை செய்தார். கலியாணம் முடித்து என்னையும் அங்கே கூட்டிவந்தார். யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்துப் படித்திருந்தேன், ஆங்கிலம் தெரியும். ஜெர்மன் மொழியை மாலை வகுப்பிலும் கடைக்காரிகளிடமும் படித்தேன். கடைக்காரிகளிடம் படித்ததுதான் மனதில் நின்றது. பேர்ணில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் தட்டெழுத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ரயில் ஏறிப் போனேன், எடுத்துக்கொண்டார்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் சனம் வரத் தொடங்க, மொழிபெயர்ப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது.

வேலை பகுதிநேரம், பயம் முழுநேரம். எங்களுடைய வதிவிட அனுமதி வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்கும் மாதம் நெருங்கினால் எனக்குச் சோறு இறங்காது. பேர்ண் ரயில் நிலையத்தில் நாலு தமிழ்ப் பெடியன்கள் கூடி நின்று கதைத்தால் பத்திரிகையில் படம் வரும். படத்துக்குக் கீழே நல்லதாக ஒன்றும் எழுதியிருக்காது. ட்ராமில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அலுவலகத்தில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், இண்டைக்கு என்ன பிழை விட்டேனோ என்றுதான் முதலில் நினைப்பேன்.

அப்படிக் கூப்பிடுகிறவர் அநேகமாக என் மேலதிகாரி, ஹெர் கெர்பர். அவரை நான் பன்னிரண்டு மாதமும் பயந்துகொண்டே மதித்தேன். நெட்டை மனிதர். எந்தக் கடதாசியையும் நின்றபடிதான் வாசிப்பார். இருந்து வாசித்தால் நித்திரை வரும், நித்திரையில் ஒருவனுடைய வாழ்க்கையைக் கெடுத்துவிடலாம் என்பார். மார்கழியிலும் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார், நான் கம்பளிச் சால்வையோடு தட்டச்சு அடிப்பேன். திருமதி என்பதற்கு அங்கே ஃப்ராவ். மற்ற எல்லோரும் என்னை 'ஃப்ராவ் நாதன்' என்று வெட்டிக் கூப்பிட, அவர் மட்டும் 'ஃப்ராவ் விசுவநாதன்' என்று முழுப் பெயரையும் ஒவ்வொரு தடவையும் தடக்கித் தடக்கிச் சொல்லி முடிப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இறங்கும். இறங்கிய குரலில் "மிர் லுவெகெ" என்று பேர்ண்காரர் மொழியில் சொன்னாரென்றால், பார்ப்போம் என்று அர்த்தம். அந்தப் பார்ப்போமுக்குப் பிறகு நல்லது நடந்ததும் உண்டு, ஆள் அழுதுகொண்டு படியிறங்கிப் போனதும் உண்டு.

எனக்கு அவர் சொல்லித் தந்த வேலை முறை ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டுப் பட்டத்தை இடப்பக்கம் வைக்க வேண்டும், இந்த நாட்டுப் பட்டத்தை வலப்பக்கம் வைக்க வேண்டும். பிறகு கேட்க வேண்டிய கேள்வி: இவன் செய்த எதை அவன் செய்யவில்லை? பட்டத்தின் பெயரைப் பார்க்கவே கூடாது. பெயர் பொய் சொல்லும் என்பார். பாடங்கள், வருடங்கள், ஆய்வுக் கட்டுரை இருந்ததா, சோதனையை யார் திருத்தினார்கள், இவைதான் கணக்கு.

இலங்கைப் பட்டங்கள் அவருக்குப் பெரிய தலையிடி. மூன்று வருடப் பொதுப் பட்டம் ஒன்று. முதல் வருடச் சோதனையில் நன்றாகச் செய்த சிலரை மட்டும் பிரித்தெடுத்து, ஒரே பாடத்தில் நாலாம் வருடமும் படிப்பித்து, ஆய்வும் செய்வித்துக் கொடுக்கும் ஒனர்ஸ் பட்டம் இன்னொன்று. அதைச் சிறப்புப் பட்டம் என்போம், கௌரவப் பட்டம் என்றும் சொல்லுவோம். அதிலும் வகுப்பு உண்டு. 'இரண்டாம் வகுப்பு, மேற்பிரிவு' என்று எங்கள் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்போது கெர்பர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். "இரண்டாம் வகுப்புக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்? ரயிலில் நானும் இரண்டாம் வகுப்பில்தான் வருகிறேன்." பகிடி விடுகிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று தெரியாமல் நான் முழிப்பேன்.

பல்கலைக்கழகத்திடம் இன்னொரு வழியும் இருந்தது. அதைத்தான் நாங்கள் ஸ்கொலர் இடம் என்று சொல்லுவோம். வறிய நாடுகளிலிருந்து வரும் பட்டதாரிகளுக்கு அறை, மாதச் செலவு, ஒரு பேராசிரியர், இரண்டு வருடம். படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் அந்தப் படிப்பை அங்கே பயன்படுத்துவேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவர் அப்படி வந்து, இரண்டு வருடமும் படித்து முடித்து, கையெழுத்து வைத்த வாக்குப்படி முந்திய ஆண்டு திரும்பிப் போனார். போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு தபால் அட்டை வந்தது. அதற்குப் பிறகு கெர்பர் எழுதியவற்றுக்குப் பதிலே வரவில்லை. அந்தத் தபால் அட்டையை அவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் கதைத்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மூர்த்தி வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கணிதத்தில் ஒனர்ஸ். ஊரில் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தவர், இங்கே துன்னில் வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கோட்டு ஒன்று போட்டிருந்தார், யாரிடமோ இரவல் வாங்கியது. கை நீளம் காணாது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அக்கா, தமிழோ? அப்பாடா. எனக்கு ஒரு கடிதம் மட்டும் வேணும். நான் படிச்சது உண்மைதான் எண்டு இந்தப் பல்கலைக்கழகம் ஒரு கடிதம் தந்தால் காணும்."

"ஏன் தம்பி, ஆர் பொய்யெண்டு சொன்னது?"

அவர் தன் அகதி விண்ணப்பத்துக்கு வந்த நிராகரிப்பை எடுத்து வைத்தார். மேன்முறையீடு போட்டிருந்தார், அதுவும் தவறினால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். காரணங்கள் இரண்டு எழுதியிருந்தன. முதலாவது, விண்ணப்பதாரர் நம்பத்தக்கவர் அல்ல. இந்த வயதில் ஒரு பல்கலைக்கழகம் தன்னைப் பாராட்டி மதிப்புக்காகப் பட்டம் வழங்கியதாகச் சொல்கிறார். இரண்டாவது, நாட்டுக்குத் திரும்பிப் போகப் பயமா என்று நேரடியாகக் கேட்டபோது, இல்லை என்று பதில் சொன்னார்.

வாசித்து முடித்ததும் கேட்டேன். "தம்பி, விசாரணையிலை நீர் என்ன சொன்னனீர்? சொன்ன மாதிரியே சொல்லும்."

"கௌரவப் பட்டம் எடுத்தனான் எண்டன். மொழிபெயர்த்த ஐயா இந்தியத் தமிழர், நல்ல மனுசன். அவர் ஒருக்கா என்னை ஏற இறங்கப் பாத்தார். பிறகு சொல்லிப்போட்டார்."

எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஐயாவின் ஊரில் கௌரவப் பட்டம் என்றால் அமைச்சர்மாருக்கும் நடிகர்மாருக்கும் மேடையில் பொன்னாடை போர்த்திக் கொடுப்பது. படிக்காமல் வாங்குவது. அவர் தன் ஊர் அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார்.

"அது கிடக்கட்டும். பயமோ எண்டு கேட்டதுக்கு?"

மூர்த்தி நிமிர்ந்து இருந்தார். "பயமோ? எனக்கோ? எண்டு கேட்டன். வேறை என்ன சொல்லுறது அக்கா? மேசையைச் சுத்தி ஆக்கள் இருக்கினம். ஒரு பொம்பிளைப் பிள்ளை தட்டச்சு அடிச்சுக்கொண்டிருக்குது. நான் என்ன பயந்தாங்கொள்ளியோ?"

அட கடவுளே! எங்கள் ஆண்பிள்ளைகள் எல்லோரும் இதே கூத்துத்தான். வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் பயமில்லை, ஆமி வந்தாலும் பயமில்லை. இந்த நாட்டிலோ பயம் இருந்தால்தான் இருக்க விடுவார்கள். பயத்தைச் சொல்லத்தான் அங்கே கூப்பிட்டு இருத்துகிறார்கள். என் வயிற்றில் இருந்த பயத்தில் கால்வாசியை எடுத்து அந்த ஆளின் வாயில் வைக்க முடியாதா என்று இருந்தது.

ஒரு கிழமை கழித்து கெர்பர் அவரை அழைத்தார். அழைப்பதற்கு முன்பு என்னிடம் ஒன்று சொன்னார். "ஃப்ராவ் விசுவ-நா-தன், நீங்கள் மொழிபெயர்க்க வேண்டும். ஆலோசனை சொல்லக் கூடாது. நீங்கள் ஆலோசனை சொன்னீர்கள் என்று வெளிநாட்டவர் பொலிஸுக்கு யாராவது சொன்னால், அவருடைய விஷயமும் கெடும், உங்களுடையதும் கெடும்." குரல் இறங்கித்தான் இருந்தது. அந்த மாதம்தான் எங்கள் அனுமதியும் புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

மூர்த்தி அதே இரவல் கோட்டோடு வந்து கதிரையில் இருந்தார். கெர்பர் நின்றபடி அவருடைய பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலப்பக்கத்தில் இந்த நாட்டு லிசென்சியாட் பட்டத்தின் பாடங்கள். அவ்வப்போது கணிதத்தில் ஒரு கேள்வி கேட்பார், மூர்த்தி கடதாசியில் எழுதிக் காட்டுவார். எழுதும்போது அவர் வேறு ஆளாகிவிடுவார். கெர்பர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, என்னிடம் அந்தத் தமிழ்ச் சொல்லைக் கேட்டார். கௌரவம் என்றால் மதிப்பு, மானம், ஒனர் எல்லாம்தான் என்று சொன்னேன். இந்தியாவில் அந்தப் பட்டத்துக்கு என்ன அர்த்தம் என்றும் சொன்னேன்.

"அப்படியானால் இவரும் சரியாகச் சொல்லியிருக்கிறார், மொழிபெயர்ப்பாளரும் சரியாகச் சொல்லியிருக்கிறார்" என்றார் கெர்பர். "அதுதான் மோசம்."

ஒனர்ஸ் பட்டம் லிசென்சியாட்டுக்குச் சமம் என்று எழுதித் தருவதாகச் சொன்னார். மூர்த்தி முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆனால் கெர்பர் முடிக்கவில்லை. இந்தக் கடிதம் முதலாவது காரணத்தை மட்டும்தான் உடைக்கும், இரண்டாவதுக்கு ஒன்றும் செய்யாது, மேன்முறையீடு தவறலாம் என்றார். பிறகு ஸ்கொலர் இடத்துக்கான பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். இந்த இலையுதிர் காலத்துக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது. இன்று கையெழுத்து வைத்தால் மாணவர் அனுமதி உடனே கிடைக்கும், இரண்டு வருடத்துக்கு யாரும் தொட முடியாது. அகதி விண்ணப்பத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். முடிவில் திரும்பிப் போக வேண்டும்.

நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

மூர்த்தி யோசிக்கவே இல்லை. "ரெண்டு வருசமெண்டால் ரெண்டு வருசம் அக்கா. அதுக்கிடையிலை அங்கை எல்லாம் சரிவந்திடும். நெடுகலும் கோப்பை கழுவ ஏலுமோ? எங்கை வைக்கிறது கையெழுத்து?"

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். அடுத்த தைப்பொங்கலுக்கு ஊரில் என்று சொல்லிச் சொல்லியே பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும். மேசைக் கண்ணாடிக்குக் கீழே மட்டக்களப்புக்காரரின் தபால் அட்டை கிடந்தது. மூர்த்தியின் முழங்கை அதற்கு மேலேதான் இருந்தது, அவருக்கு அது என்னவென்று தெரியாது.

கெர்பர் பேனாவைக் கொடுக்கவில்லை. "விதிப்படி நான் ஒரு கேள்வி கேட்டுப் பதிலை எழுத வேண்டும். பொலிஸ் கேட்டால் அதைக் காட்ட வேண்டும். திரும்பிப் போக அவருக்குப் பயம் இருக்கிறதா?"

நான் கேட்டேன். மூர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பயமில்லையெண்டு சொல்லுங்கோ அக்கா."

நான் வாயைத் திறக்கவில்லை. கெர்பர் காத்துக்கொண்டு நின்றார். 'இல்லை' என்ற ஒரு சொல், ஜெர்மனில் அதைவிடச் சின்னச் சொல். சொல்லிவிட்டால் அது கடதாசிக்குப் போகும். பிறகு அவர் எந்தக் கதவைத் தட்டினாலும் இந்தக் கடதாசி முன்னால் போய் நிற்கும். சொல்லாமல் விட்டால் நான் என் வேலையைச் செய்யாதவள். தம்பி, பொய் சொல்லாதையும், நீர் ரயிலில் யூனிபோர்ம் போட்ட டிக்கட் பரிசோதகரைக் கண்டே எழும்பி அடுத்த பெட்டிக்குப் போறனீர், போன கிழமை துன் ரயிலில் நான் என் கண்ணால் கண்டனான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அதற்குப் பெயர் ஆலோசனை.

"என்ன சொன்னார்?" என்றார் கெர்பர்.

என் வாயில் வந்தது இதுதான்: "ஹெர் கெர்பர், எங்கள் ஊரில் ஓர் ஆண்பிள்ளை இந்தக் கேள்விக்கு ஒரு பெண்ணுக்கு முன்னால் பதில் சொல்ல மாட்டார். அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தால் நீங்கள் கேட்டதுக்குப் பதிலாக இருக்காது. அவருக்கு ஆங்கிலம் தெரியும். நான் வெளியே போகிறேன். நீங்களே ஆங்கிலத்தில் கேளுங்கள்."

அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "மிர் லுவெகெ" என்றார். குரல் அடித்தளத்துக்குப் போயிருந்தது.

"எங்கை அக்கா போறியள்?" என்று மூர்த்தி பதறினார்.

"இங்கிலிஷிலை கதையும் தம்பி. உம்மடை ஒனர்ஸ் இங்கிலிஷிலைதானே?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

கதவுக்கு வெளியே அந்த நடைக்கூடத்தில் நின்ற நேரம்தான் என் வேலைக் காலத்திலேயே நான் மிகவும் பயந்த நேரம். கெர்பருக்கு ஆங்கிலம் அரைகுறை. மூர்த்தி அவருக்கு முன்னாலும் நெஞ்சை நிமிர்த்தி 'நோ சார்' என்று சொல்லிவிட்டால்? நான் கிடைத்த சந்தர்ப்பத்தையும் பாழாக்கியவளாவேன். மொழிபெயர்ப்பாளர் கட்டளையை மீறி வெளியேறினார் என்று கெர்பர் எழுதினால்? வேலை போகும், வேலை போனது அனுமதிப் பத்திரத்தில் தெரியும், என் கணவர் பட்டறையிலிருந்து வந்து என்ன செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? யாரோ முன்பின் தெரியாத பெடியனுக்காக உன் குடும்பத்தை நடுத்தெருவில் விட்டாயே என்று என்னையே திட்டினேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. ஜன்னல் திறந்திருந்ததால் கீழே ட்ராம் போகும் சத்தம் மட்டும் கதவுக்கு அடியால் வந்தது. காதை வைத்துக் கேட்கவும் பயம்.

கதவு திறந்தது. "வந்து தட்டச்சு அடியுங்கள்" என்றார் கெர்பர்.

மூர்த்தி எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்து நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. கெர்பர் நின்றபடி வாசகம் சொன்னார். முதல் பகுதி நான் எதிர்பார்த்தது: ஒனர்ஸ் என்பது நாலு வருடப் படிப்பாலும் ஆய்வாலும் பெற்ற பட்டம், பாராட்டுப் பட்டம் அல்ல, எங்கள் லிசென்சியாட்டுக்குச் சமம், முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு கொஞ்சம் நிறுத்தினார். "இவரை ஸ்கொலர் இடத்துக்கு எடுக்க முடியாது. திரும்பிப் போகும் உறுதிமொழியை இவரால் தர முடியவில்லை. காரணம், பயம்."

பயத்துக்கு ஜெர்மனில் 'ஆங்ஸ்ட்'. நிராகரிப்பின் இரண்டாவது காரணத்துக்கு அந்த ஒரு சொல்தான் பதில். அந்தச் சொல்லை நான் அடித்தபோது மூர்த்தி திரும்பினார். சமையலறையில் வேலை செய்கிறவருக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். கொதிநீர்ச் சட்டியைத் தூக்கத் தயங்குகிறவனைப் பார்த்துத் தலைமைச் சமையல்காரர் கத்துவது அதைச் சொல்லித்தான்.

"அக்கா" என்றார். "இதை எங்கடை ஆக்கள் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்ல மாட்டன் தம்பி."

உள்ளே என்ன நடந்தது என்று மறுநாள் கெர்பரிடம் மெல்லக் கேட்டேன். "நீங்கள் வெளியே நின்றீர்கள்" என்றார். அதோடு சரி. என் வேலைக்கும் ஒன்றும் வரவில்லை, எங்கள் அனுமதியும் புதுப்பித்து வந்தது. அதற்காக அவரை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஸ்கொலர் இடம் வேறு யாருக்கோ போனது. கையில் இருந்த பாதுகாப்பையும் தட்டிப் பறித்துவிட்டேனோ என்று பிறகு வந்த மாதங்களில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பேர்ணிலிருந்து யாரையோ பிடித்து ஏற்றிவிட்டார்களாம் என்று ஒரு கதை வரும், என் கை ஓடாது. காலையில் துன் ரயில் நிலையத்தில் மூர்த்தியைக் கண்டால் தூரத்திலிருந்தே தலையை ஆட்டுவார், இன்னும் முடிவில்லை என்று. ஆளைக் காணாத நாளில் அவர் ஹோட்டலின் பின்பக்கத்தால் சுற்றிப்போய்க் கோப்பைச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசியில் இருக்க விட்டார்கள். கெர்பரின் கடிதத்தாலா, வேறு எதனாலா என்று யாரும் சொல்லவில்லை. மூர்த்தி பகலில் படித்து, மாலையில் கோப்பை கழுவி, அவசரமில்லாமல் ஆறுதலாக முனைவர் பட்டமும் எடுத்தார். பிறகு ஒரு கல்லூரியில் கணிதம் படிப்பித்து, என்னைப் போலவே ஓய்வும் பெற்றுவிட்டார். கலியாண வீடுகளில் சந்திப்போம். சாப்பாட்டு மேசையில் யாராவது அந்தக் காலத்தை எடுத்தால், "எனக்கெண்டால் ஒரு நாளும் பயமெண்டதே இருந்ததில்லை" என்பார். பக்கத்தில் இருக்கிற நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

இதை எழுதி முடித்ததும் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். கொடுத்த வாக்கு அல்லவா, கேட்காமல் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

"போடுங்கோ அக்கா" என்றார் கடைசியில். "என்ரை பேரை மட்டும் மாத்திப் போடுங்கோ."

"இவ்வளவு வருசத்துக்குப் பிறகுமோ? இந்த நாட்டுப் பாஸ்போட்டும் கையிலை கிடக்கு. இன்னும் பயமோ தம்பி?"

"ஓம் அக்கா" என்றார்.